பகுதி அறிவும் முழுப் பொறுப்பும்

ஒருவர் தம் துறையில் நேர்மையாக உழைக்கிறார். கண்டதையே கூறுகிறார், காணாததைக் கண்டதாகக் கூறுவதில்லை. அவர் சொல்லை நம்பி ஊரார் நடக்கின்றனர். இருபது ஆண்டுகள் சென்றபின் அவ்வூருக்கு ஒரு தீங்கு வந்து சேருகிறது. அத்தீங்கு அவர் ஆராய்ந்த பொருளில் இல்லை. அவர் ஆராயாது விட்ட பொருளில் இருக்கிறது. அதில் அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. நம் கிணறுகளைப் பற்றிய கேள்வி. நம் வயல்களில் நாற்று நடும் பெண்களின் கூலியைப் பற்றிய கேள்வி. ஆதலின் வாசக அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

கற்றோர் உலகில் இன்று அடிக்கடி வழங்கும் சொற்களுள் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்பதும் ஒன்று. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில், நார்வே நாட்டு அரசியல் தலைவி புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த ஆணையம் 1987ஆம் ஆண்டு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னரே இக்கருத்து உலகெங்கும் பரவியது. பேரப்பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து நாமே உண்டுவிடக் கூடாது என்பது அதன் சாரம். 2015ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி 17 இலக்குகளை வகுத்துக்கொண்டன. வறுமை ஒழிப்பு, பசி ஒழிப்பு, கல்வி, தூய நீர், தட்பவெப்பம், காடு, கடல் என அவை விரிகின்றன. ஒவ்வோர் இலக்கின் பின்னும் பல துறைகள்; ஒவ்வொரு துறையிலும் எண்ணற்ற ஆய்வாளர்கள். மண்ணை ஆராய்பவர் கூலியை ஆராய்வதில்லை. கூலியை ஆராய்பவர் விதையை ஆராய்வதில்லை. விதையை ஆராய்பவர் நிலத்தடி நீரை ஆராய்வதில்லை. நம் வயலிலோ மண்ணும் நீரும் விதையும் கூலியும் ஒரே வரப்புக்குள் அடங்கியிருக்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

ஆய்வாளர் கால்பட்ட ஊர்கள்

இதற்குச் சான்று தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் வந்து சென்ற நாட்டுப்புறங்களுள் நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியும் ஒன்று. 1989ஆம் ஆண்டு வரை இது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால், ஆய்வு நூல்களில் வட ஆர்க்காடு என்ற பெயரே காணப்படும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற்பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கொண்டு தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராயச் செய்தார். அவ்வாய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஓர் ஊர், மாமண்டூர்ப் பேரேரியை அடுத்த தூசி. 1930களில் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த எஸ். குகன், கே. பரதன் ஆகியோர் தூசியை மறுபடியும் ஆராய்ந்து எழுதினர். ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலத்தில் ஓர் ஊர் பலமுறை தன் வரலாற்றை வினாப்பட்டியலுக்கு விடையாகச் சொல்லியிருக்கிறது.

அதனினும் பெரிய முயற்சி 1973-74இல் நடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இணைந்து வட ஆர்க்காட்டின் 12 ஊர்களை ஆராய்ந்தன. இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியும் உடன் ஆராயப்பட்டது. புதிய நெல் இரகங்கள் உழவர் வாழ்வில் விளைத்த மாற்றம் யாது என்பதே ஆய்வுப் பொருள். புவியியல் அறிஞர் ஃபார்மர் தலைமையேற்க, புள்ளியியல் அறிந்த நஞ்சம்மா சின்னப்பா, சமூக அமைப்பை ஆராய்ந்த ஜான் ஹாரிஸ், நெல் வணிகத்தை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ், நீர்ப் பங்கீட்டையும் நிருவாகத்தையும் ஆராய்ந்த இராபர்ட் சேம்பர்ஸ் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். 1977இல் நூல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 1982 முதல் 1984 வரை, வாஷிங்டன் நகரிலுள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே வட்டாரத்திற்கு வந்தன. ஹேசல், சி. இராமசாமி ஆகிய இருவரின் பெயரால் 1991இல் அந்நூல் வெளியாயிற்று. 1990களில் மூன்றாம் சுற்று ஆய்வு நிகழ்ந்தது. அதன் பயனாகப் பார்பரா ஹாரிஸ்-வைட், எஸ். ஜனகராஜன் ஆகியோரின் பெருநூல் 2004இல் வந்தது. ஆரணி நகரைப் பற்றிய நாற்பதாண்டுக் கால ஆய்வுகளின் தொகுப்பு 2016இல் வெளியாயிற்று.

செய்யாறும் ஆரணியும் வந்தவாசியும் நம் சமூகத்தார் பல நூற்றாண்டுகளாக உழுது உண்ணும் நிலங்கள். ஆதலின் அந்நூல்களில் எழுதப்பட்டிருப்பது வேற்றார் கதை அன்று, நம் கதை.

ஒவ்வொருவரும் கண்டது

1960களின் நடுவில் நாட்டில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல்களில் கோதுமை வந்தால்தான் நியாயவிலைக் கடையில் தானியம் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. 1966ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. உரத்தை ஏற்று, கதிரின் பாரத்தால் சாயாமல் நின்று, பழைய சம்பா நெல்லினும் குறுகிய காலத்தில் அது விளைந்தது. விதையை ஆக்கியவர் கண்டது பசியை. அவர் கண்டது மெய்.

ஆனால் இந்நெல்லுக்கு வேண்டிய வேளையில் வேண்டிய அளவு நீர் தேவை. ஏரி அதனை எப்போதும் தராது, கிணறு தரும். முற்காலத்தில் கிணற்று நீரைக் கவலை மாடுகள் இறைத்தன. மாடு களைத்தால் இறைவை நிற்கும். மாட்டின் களைப்பே நிலத்தடி நீருக்கு ஒரு வேலியாக இருந்தது என்பதை அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணெய் இயந்திரமும், பின்னர் மின்மோட்டாரும் வந்தன. அவற்றுக்குக் களைப்பில்லை. 1984இல் சிறு குறு உழவர்க்கும், 1990இல் உழவர் அனைவர்க்கும் தமிழக அரசு கட்டணமில்லா மின்சாரம் வழங்கியது. மின்துறைப் பொறியாளர் கண்டது உழவரின் முதுகெலும்பு முறியும் உழைப்பை. அரசு கண்டது அவர்தம் கடன் சுமையை. அவையும் மெய்.

கேம்பிரிட்ஜ் குழுவினர் வந்தபோது புதிய நெல் எதிர்பார்த்த அளவு பரவவில்லை; நீரும் முதலும் உடையவர்க்கே அது எளிதில் வாய்த்தது என்று கண்டனர். பத்தாண்டு கழித்து வந்தவர்களோ சிறு உழவரும் கூலியாட்களும்கூட நன்மை பெற்றனர் என்று கண்டனர். வேளாண்மையில் ஒரு ரூபாய் கூடுதல் வருவாய் தோன்றினால், அவ்வட்டாரத்தின் கடை, ஆலை, நெசவு, வண்டித் தொழில் முதலியவற்றில் மேலும் 87 காசு வருவாய் தோன்றுகிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். ஒரே வட்டாரம், இரு முடிவுகள். அறிஞர்களிடையே நெடிய வாதம் நடந்தது. எந்த ஆண்டை எந்த ஆண்டோடு ஒப்பிடுவது, எதனை வருவாயாகக் கொள்வது என்றெல்லாம் அவ்வாதம் விரிந்தது. இரு சாராரும் பொய் கூறவில்லை. இருவர் நின்ற இடமும் வேறு. நோக்கிய காலமும் வேறு.

இதற்கிடையே கிணறுகளின் அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதனைக் கூர்ந்து நோக்கியவர்களுள் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜனகராஜன் குறிப்பிடத்தக்கவர். பக்கத்து நிலத்தார் கிணற்றை ஆழப்படுத்தினால் நம் கிணற்றில் நீர் இறங்கும், நாமும் ஆழப்படுத்துவோம், பின்னர் அவர் கிணற்றுக்குள் துளையிடுவார். இப்போட்டியில் கடன் வாங்க வல்லவர் வென்றார். வன்மையற்றவர் தம் கிணற்றைத் தூர்ந்து போகவிட்டு, அயலாரிடம் நீரை விலைக்கு வாங்கும் நிலைக்கு வந்தார். கிணறு உடையவர்க்கு ஏரியின் நினைவு மங்கிற்று. வரத்துக்கால் தூர்ந்தது, மதகு பழுதுற்றது, கலங்கலருகே கருவேல முள் மண்டிற்று. குடிமராமத்து என்னும் சொல் மட்டும் ஏட்டில் நின்றது.

பசியைக் கண்டவர் நீரைக் காணவில்லை. உழைப்பின் கொடுமையைக் கண்டவர் ஏரியைக் காணவில்லை. வருவாயைக் கணக்கிட்டவர் கணக்கில், கிணற்றின் அடியில் குறைந்துகொண்டிருந்த முதல் செலவாக எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். விளைந்த தீங்கு மட்டும் எவர் கடமைக்குள்ளும் அடங்காமல் வெளியே நின்றது.

மூன்று விடைகள்

இத்தீங்குக்கு யார் பொறுப்பு? சிலர் கூறுவர்: “யாரும் பொறுப்பல்லர். எவரும் தீங்கு நினைக்கவில்லை, எதிர்பாராமல் நேர்ந்தது.” இவ்விடை கேட்பதற்கு இதமாக இருக்கிறது. ஆனால் கிணறு வற்றிய உழவனிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள். ஐந்து பேர் சேர்ந்து தூக்கிய மரம் வழிப்போக்கன் காலில் விழுந்தால், ஐவரும் தத்தம் பிடியைச் சரியாகத்தான் பிடித்திருந்தோம் என்று கூறுவதால் முறிந்த கால் கூடிவிடாது. அவர்கள் வழியையும் சற்று நோக்கியிருக்க வேண்டும் அல்லவா?

வேறு சிலர் கூறுவர்: “அனைத்தையும் அறிந்த பின்னரே ஆய்வாளர் வாய் திறக்க வேண்டும்.” இது நடவாத செயல். அனைத்தையும் ஒருங்கே அறிவது கேவலஞானியர்க்கே உரியது. மேலும், 1966இல் பசித்திருந்தவர்களிடம் சென்று, நிலத்தடி நீரின் கணக்கு முடியும்வரை பொறுத்திருங்கள் என்று கூற எவர்க்கு உரிமை உண்டு? வயிறு நிரம்பியவர் காத்திருப்பதை அறமாகப் பேசலாம். பசித்தவர்க்கு அது மற்றொரு தீங்கு. பசுமைப் புரட்சி என்னும் அம்முயற்சியை இன்று எளிதாகப் பழிப்பவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர். அதனால் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவர்களே நாம்.

இவ்விரு விடைகளுக்கும் இடையே நம் முன்னோர் காட்டிய மூன்றாவது விடை ஒன்று உண்டு. அநேகாந்தம் என்னும் கொள்கையை நம் இல்லங்களில் பலரும் அறிவர். ஆனால் அதனை, “எல்லார் சொல்வதும் அவரவர் அளவில் சரியே” என்னும் சமாதானமாகப் பொருள் கொள்வோர் மிகுதி. அது அதன் பாதி கூட ஆகாது. ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து நோக்கும் அறிவு நயம் எனப்படும். அவ்வறிவு, தான் ஒரு பக்கத்து அறிவே என்று உணர்ந்திருக்கும் வரையில் நல்ல நயம். தானே முழுமை என்று கருதி மற்றப் பக்கங்களை மறுக்கத் தொடங்கினால் அதுவே துர்நயம் ஆகிவிடுகிறது. சொல்லப்படும் செய்தி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எல்லையைச் சொன்னாரா, சொல்லாது விட்டாரா என்பதில்தான் வேறுபாடு அமைகிறது.

“இந்நெல் ஏக்கருக்கு மிகுந்த விளைச்சல் தரும்” என்பது ஒரு கூற்று. “போதிய நீர் உள்ள இடத்தில் இந்நெல் மிகுந்த விளைச்சல் தரும், அந்நீர் எங்கிருந்து வரும், எத்தனை ஆண்டு வரும் என்பதை யான் ஆராயவில்லை” என்பது மற்றொரு கூற்று. இரண்டாவது கூற்றில் ஐயம் ஏதும் இல்லை, தயக்கமும் இல்லை. ஸ்யாத் என்னும் சொல்லைத் ‘ஒருவேளை’ என்று மொழிபெயர்த்து அதனைத் தயக்கத்தின் சின்னமாக்கிவிட்டனர் சிலர். அது நிபந்தனையைக் கூறும் சொல். இன்ன நிலையில் இது இவ்வாறு என்று உறுதிபடக் கூறும் சொல். முதற்கூற்றைக் கேட்ட உழவன் கிணறு வெட்டப் புறப்படுகிறான். இரண்டாவதைக் கேட்ட உழவன் தன் ஏரியை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்.

இங்கே மற்றொரு சொல்லையும் நினைவு கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிக நன்று என்று பொருள். ஆகமத்திலோ அதற்கு அசட்டை, விழிப்பின்மை என்று பொருள். விழிப்பின்மையால் ஓர் உயிர்க்கு ஊறு விளைவதே இம்சை என்று நம் ஆசாரியர்கள் வரையறுத்தனர். கொல்லும் எண்ணம் இல்லை என்று கூறுவதால் மட்டும் ஒருவர் விடுபடுவதில்லை. விழிப்போடு இருந்தாரா என்பதும் கேட்கப்படும். முனிவர் நடந்து செல்லும்போது நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி நடக்கிறார். அமரும் இடத்தை மயிற்பீலியால் மெல்ல ஒதுக்குகிறார். மண்ணிலுள்ள எல்லா உயிர்களையும் அவர் எண்ணி முடித்தாரல்லர். அவரிடம் கேட்கப்படுவது எண்ணிக்கை அன்று, நோக்குதல். ஆய்வாளரிடம் கேட்கத்தக்கதும் அதுவே. உலகம் முழுவதையும் அவர் அறிய வேண்டியதில்லை. தம் கால் அடுத்துப் படும் நான்கு முழத்தை அவர் நோக்க வேண்டும். அங்கே தமக்குத் தெரியாதது இருப்பின், அதனை அறிந்த பிறதுறையாரை அழைக்க வேண்டும்.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இது: தாம் ஆராயாததற்காக ஆய்வாளர் குற்றவாளி ஆகார். தாம் ஆராயாததை மறைத்தாலோ, அதனைக் கேட்கும் வாய்ப்பிருந்தும் கேளாது சென்றாலோ, அப்போது அத்தீங்கில் அவர்க்குப் பங்கு உண்டு.

ஒன்றாக நோக்கினால் போதுமா?

பல துறையாரும் சேர்ந்து ஆராய்ந்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவோர் உண்டு. ஓரளவே தீரும். நம் ஊர்களில் ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று வழங்கும் முறையை எடுத்துக்கொள்வோம். இளநாற்றை ஒற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நட்டு, வயலில் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்க்கும் முறை அது. இம்முறையைப் பற்றிப் பல துறைகளையும் இணைத்து இந்தியாவில் நடத்திய ஆய்வொன்று 2016இல் ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. விளைச்சல், நிலத்தடி நீர், காற்றில் கலக்கும் வாயு, செலவு, கூலி வேலை ஆகியவற்றை அருகருகே வைத்து நோக்கிய ஆய்வு அது. சுற்றுச்சூழலுக்கும் நன்மை, உழவர்க்கும் வருவாய். ஆனால் கூலி வேலை குறைகிறது. அக்குறைவு நிலமற்ற பெண்களையே பெரிதும் தாக்குகிறது என்பது அதன் முடிவு.

நீரை மட்டும் ஆராய்ந்தவர் இம்முறையை வாழ்த்தியிருப்பார். கூலியை மட்டும் ஆராய்ந்தவர் எதிர்த்திருப்பார். இருவரும் கூடியதால் தீர்ப்புக் கிடைத்துவிடவில்லை. ஆனால் ஒரு பெரும்பயன் கிடைத்தது. நன்மையின் விலையைச் செலுத்துபவர் யார் என்பது வெளிச்சத்திற்கு வந்தது. இதற்குமேல் ஆய்வாளரின் தராசு எடை காட்டாது. சேமித்த நீரும், நடவுப் பெண் இழந்த கூலி நாளும் ஒரே படியால் அளக்கக் கூடியவை அல்ல. அங்கே தேவைப்படுவது அறத்தின் முடிவு. அதனை எடுக்க வேண்டியவர் நிலம் உடையவர். அதாவது, இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களுள் பல.

நம் நிலத்தில் ஒரு புதுமுறையால் செலவு மிச்சமாகிறது என்றால், அம்மிச்சம் யாருடைய அடுப்பிலிருந்து வந்தது என்று நாம் கேட்க வேண்டும். மிச்சத்தின் ஒரு பகுதியை அவர்களுக்கே வேறு வேலையாகவோ, கூடுதல் கூலியாகவோ திருப்பித் தர இயலும். பரிக்கிரகத்திற்கு அளவு வகுத்துக்கொள்வது சிராவகரின் விரதம். அவ்வளவு நிலத்திற்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதா, நிலத்தின் அடியில் உள்ள நீருக்கும் உரியதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

மலையடிவாரத்துப் பாடம்

வயலை விட்டு நகருக்கு வருவோம். 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், திருவண்ணாமலை மலையடிவாரத்து வ. உ. சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். அதன்பின் மண்ணியல் வல்லுநர்கள் வந்து மலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அம்மழை ஏன் அவ்வளவு பெய்தது என்பது வானிலை அறிஞரின் கேள்வி. மண் ஏன் நழுவியது என்பது மண்ணியல் அறிஞரின் கேள்வி. சரிவில் எந்த மரத்தின் வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது தாவரவியல் அறிஞரின் கேள்வி. ஏழை எளியோர் ஏன் மலையடியில் வீடு கட்டிக்கொள்கின்றனர் என்பது பொருளியல் அறிஞரின் கேள்வி. நான்கும் நான்கு கட்டடங்களில் ஆராயப்படுகின்றன. அவ்வீட்டிலிருந்த ஏழு பேர்க்கோ நான்கும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தன. துறைகள் நாம் வகுத்துக்கொண்டவை; துன்பம் அவ்வகுப்பை மதிப்பதில்லை.

அறிந்தவர் கடனும் அறியப்பட்டவர் உரிமையும்

இன்னும் ஒரு கடன் நிலுவையில் உள்ளது. மேலே கூறிய நூல்களுள் பல ஆங்கிலத்தில், இலண்டனிலும் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரிலும் வெளியானவை. அவற்றுக்கு வேண்டிய செய்திகளைத் தந்தவர்களோ நம் ஊர்த் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்கள். எத்தனை காணி, எத்தனை மூட்டை, எவ்வளவு வட்டி என்று மாலை வேளைகளில் பொறுமையாக விடை கூறினர். தம் விடைகளிலிருந்து என்ன கண்டறியப்பட்டது என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. விருந்தோம்பியவர்க்கு இலை போடாமல் செல்வது பண்பன்று.

அன்றியும் அவர்கள் வெறும் விடை கூறுபவர் மட்டும் அல்லர். ஏரியில் எவ்வளவு நீர் நின்றால் சம்பாவுக்குப் போதும், எப்போது மதகைத் திறக்க வேண்டும், கடைமடைக்கு நீர் சேர எத்தனை நாழிகை ஆகும் என்பதை நீர்க்கட்டி அறிவான். அதுவும் ஒரு நயமே. வட ஆர்க்காட்டு ஆய்வில் பங்கேற்ற இராபர்ட் சேம்பர்ஸ் பிற்காலத்தில் இக்கருத்தையே உலகறிய வலியுறுத்தினார். நீண்ட வினாப்பட்டியல்களை விட, ஊராரின் அறிவைக் கேட்டறிவதும், அவர்களையே ஆராயச் செய்வதும் மேல் என்று அவர் எழுதினார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1983இல் வெளிவந்தது. ஆயினும் ஊர் அறிவையும் முழுமை என்று போற்றிவிடக் கூடாது. நீர்க்கட்டி மடையை அறிவான். பூமிக்கடியில் நூறடி ஆழத்தில் நீர் எவ்வாறு ஊர்கிறது என்பதை அறியான். அவனுக்கும் ஓர் எல்லை உண்டு.

ஆசிரியப் பயிற்சி பெற்றவள் என்ற முறையில் பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். காந்தியடிகள் 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வி, பாடங்களைத் தனித்தனிப் பெட்டியில் அடைக்காமல், ஒரு தொழிலை அல்லது ஒரு சூழலை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதனோடு இணைத்துக் கற்பிக்கச் சொன்னது. ஓர் ஏரியை நடுவில் வைத்தால் அதன் கரையின் நீளம் கணக்கு. அதன் வரத்து புவியியல். அதன் மீனும் நாரையும் அறிவியல். அதனைத் தோண்டியவன் கல்வெட்டு வரலாறு. அதன் நீரை யார் முதலில் பெறுகிறார் என்பது குடிமையியல். அம்முறை நம் பள்ளிகளில் வேரூன்றவில்லை. பத்து மணிக்குக் கணக்கு, பதினொரு மணிக்கு அறிவியல் என்று மணி அடித்துப் பிரித்துவிட்டோம். அவ்வாறு பிரித்துப் பயின்ற பிள்ளைகளே பிற்காலத்தில் துறை துறையாகப் பிரிந்த அறிஞர்கள் ஆகின்றனர். அவர்களைக் குறை கூறுமுன் நம் கால அட்டவணையை நோக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இக்காலத்தில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பொறியியலும் உயிரியலும் பொருளியலும் பயின்று, சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் ஆராய்ச்சி செய்கின்றனர். பெற்றோர்க்கு அது பெருமை. விடுமுறைக்கு அவர்கள் ஊர் வரும்போது இரண்டு கேள்விகளை அன்போடு கேளுங்கள். “உன் ஆராய்ச்சியில் நீ நோக்காமல் விட்டது எது? உன் முடிவின்படி உலகம் நடந்தால் அதன் சுமையைத் தாங்கப்போவது யார்?” விடை சொல்ல அவர்கள் தடுமாறலாம். அத்தடுமாற்றம் நல்லது. தடுமாறியவர் அடுத்த முறை அந்த நான்கு முழத்தை நோக்குவர்.

ஊருக்கு ஆய்வாளர் எவரேனும் வந்தால் அவரிடமும் இவ்விரு கேள்விகளைக் கேளுங்கள். அவர் முடித்த பின் தமிழில் இரண்டு பக்கமேனும் எழுதி ஊருக்கு அனுப்புமாறு கேளுங்கள். கேட்பது உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால் அது எந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கும் இளைத்ததாகாது.

ஆய்வாளர்களிடம் விழிப்பை எதிர்பார்க்கும் நாம், மோட்டாரின் பொத்தானை அழுத்தும்போது அதே விழிப்போடு இருக்கிறோமா என்பதும் கேட்கத்தக்கதே. மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லை. நீருக்கு விலை இல்லை. விலை இல்லாத பொருளை அளவோடு எடுப்பவரிடமே விரதம் விளங்குகிறது. சொர்ணவாரியோ நவரையோ, அடுத்த பட்டத்திற்கு நாற்று விடுமுன் தம் கிணற்றின் ஆழத்தையும் பக்கத்து நிலத்தாரின் கிணற்றின் ஆழத்தையும் ஒருசேர நினைத்துப் பார்ப்பவர், தம் பகுதி அறிவைக் கொண்டே முழுப் பொறுப்பையும் ஏற்றவர் ஆவார்.